விஞ்ஞானிகளுக்குப் பேசப் பழக்கும் 2 நாள் பட்டறை: விரிவுரையைக் குறைத்து எதை வைப்பது?

தொடுவானம் (கேள்வி)

வணக்கம். ஆய்வு மாணவர்களும் இளம் விஞ்ஞானிகளுமாக 18 பேர். உயிரியல், பொருளறிவியல், வானியல், புள்ளியியல் என்று துறைகள் கலந்தவை. தங்கள் ஆய்வைப் பற்றிப் பொதுமக்களிடமும் பத்திரிகையாளர்களிடமும் பேச இவர்களைப் பழக்க வேண்டும். 2 நாள், நாளுக்கு 6 மணி நேரம், ஒரே பெரிய கூடம்.

கையில் இருக்கும் திட்டம் இது: முதல் நாள் முழுக்க விரிவுரை (கேட்பவரை அறிவது, சொல்லும் வரிசை, ஸ்லைடு, உடல்மொழி). இரண்டாம் நாள் காலை எழுத்து. மதியம் ஆளுக்கு 3 நிமிடம் மேடைப் பேச்சும் 5 நிமிடம் விமர்சனமும். நீச்சலைக் கரும்பலகையில் சொல்லித்தருவது போல இருக்கிறது. செய்து பழகும் பயிற்சிகளாக மாற்ற நினைக்கிறேன்.

எந்தப் பயிற்சிகள், எந்த வரிசையில், எவ்வளவு நேரம்? எங்கே சொதப்பும்? கடைசியில் ஏதாவது பலன் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

மூன்றாம்வரிசை

முதலில் கணக்கைப் பாருங்கள். 18 பேர், ஆளுக்கு 8 நிமிடம் என்றால் 144 நிமிடம். அதில் ஒருவர் வாய் திறப்பது 3 நிமிடம். மீதி 141 நிமிடமும் தன் முறை எப்போது வரும் என்று வயிற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார், அடுத்தவர் பேச்சு காதில் ஏறாது. அதே 8 நிமிடத்தை மூவர் மூவராக 6 குழுக்களில் ஒரே நேரத்தில் நடத்தினால் 24 நிமிடத்தில் எல்லோருக்கும் ஒரு முறை முடிந்துவிடும். 144 நிமிடத்தில் ஆளுக்கு 6 முறை. மேடைப் பேச்சைத் தூக்கிவிடுங்கள்.

ஒரு முறைக்குள் 8 நிமிடத்தை நான் பிரிப்பது இப்படி. பேசுபவர் முதலில் ஒரு துண்டுச்சீட்டில் "கேட்பவர் மனத்தில் இது தங்க வேண்டும்" என்று ஒரே ஒரு வரி எழுதி மடித்து வைக்கிறார். 2 நிமிடம் பேசுகிறார். கேட்பவர் 1 நிமிடம், தான் கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்கிறார். மூன்றாமவர், அதாவது கவனிப்பவர், சீட்டைப் பிரித்து இரண்டையும் ஒப்பிட்டு 2 நிமிடம் பேசுகிறார். பிறகு அதே ஆள் அதே விஷயத்தை உடனே இன்னொரு முறை 2 நிமிடம் சொல்கிறார். மீதி 1 நிமிடம் இடம் மாற.

பல பட்டறைகளில் விடுபட்டுப்போவது அந்த இரண்டாம் தடவைதான். விமர்சனத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டால், அடுத்த வாரம் பழைய பேச்சே திரும்ப வரும். சூடு ஆறுவதற்குள் மாற்றிச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

திருப்பிச் சொல்வதில் இரண்டு கோளாறுகள் வரும். ஒன்று, மரியாதைக்கு "ரொம்ப நல்லா இருந்தது" என்று கேட்பவர் நழுவிவிடுவார். இரண்டு, கலைச்சொற்களைக் கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பார். புரிந்தது போலவே தோன்றும், புரிந்திருக்காது. இதற்கு ஒரே விதி போதும்: பேசியவர் பயன்படுத்திய எந்தத் துறைச்சொல்லையும் திருப்பிச் சொல்பவர் பயன்படுத்தக் கூடாது. அந்தச் சொல் இல்லாமல் சொல்ல முடியவில்லை என்றால் விஷயம் போய்ச் சேரவில்லை. அந்த 1 நிமிடம் பேசியவர் வாயைத் திறக்கக் கூடாது. "இல்ல, நான் சொன்னது என்னன்னா..." என்று ஆரம்பித்தால் பயிற்சி அங்கேயே முடிந்தது.

குழு பிரிக்கும்போது ஒரே ஆய்வகத்துக்காரர்களைச் சேர்க்காதீர்கள். பாதி வாக்கியத்திலேயே ஒருவருக்கொருவர் புரிந்துவிடும். ஆய்வு நெறியாளரும் அவருடைய மாணவரும் ஒரே குழுவில் இருக்கவே கூடாது. மாணவர் வாய் திறக்க மாட்டார்.

முதல் நாள் இதற்கு அடுத்து வைக்க நல்ல பயிற்சி "பாதிப் பாதியாக". ஒரே ஆய்வை 60 விநாடியில் சொல்வது, பிறகு 30, பிறகு 15, கடைசியாக 8. ஆர்பாக் முதலானோர் 2018-இல் ஆய்விதழில் விளக்கிய முறை இது. இருவர் இருவராக நிற்க வைத்து, மணியடித்து நடத்தலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் 1 நிமிடம் யோசிக்க விடுங்கள்.

30-இல் பெரும்பாலானோர் எதையும் வெட்டாமல் வேகமாகப் பேசித் தப்பிப்பார்கள். 15-இல் அது பலிக்காது. 8 விநாடிக்கு வரும்போது இன்னொரு தப்பு தெரியும்: செய்தியைச் சொல்லாமல் தலைப்பைச் சொல்வார்கள். "பாக்டீரியப் படலங்களின் மருந்து எதிர்ப்பு பற்றி ஆய்வு செய்கிறேன்" என்பது தலைப்பு. "தனியாக இருக்கும்போது சாகிற பாக்டீரியா, கூட்டமாகப் படலம் கட்டிக்கொண்டால் அதே மருந்துக்குச் சாவதில்லை" என்பது செய்தி. பின்னதைக் கேட்டவர் "ஏன்?" என்று கேட்பார். முன்னதைக் கேட்டவர் "ஓ, அப்படியா" என்பார். அந்த "ஏன்" வருகிறதா என்பதைத்தான் ஜோடியில் இருப்பவர் கவனிக்க வேண்டும்.

8 விநாடியில் நின்றுவிடாதீர்கள். அந்த ஒரு வரியை முதல் வாக்கியமாக வைத்து மறுபடி 60 விநாடிக்குக் கட்டச் சொல்லுங்கள். மொத்தம் 25 நிமிடம் பிடிக்கும்.

---

பட்டகம்

மூன்றாம்வரிசை சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் அதற்கு முன் ஒரு படி இருக்கிறது. தாங்கள் தெளிவாகத்தான் பேசுகிறோம் என்று நம்பிக்கொண்டு வருபவர்களிடம் நேராகப் பயிற்சியை நீட்டினால் விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள். முதல் 10 நிமிடத்தில் அந்த நம்பிக்கை ஆட்டம் காண வேண்டும். அதற்கு விரிவுரை தேவையில்லை, ஒரு மேசை போதும்.

மேசையைத் தட்டும் பயிற்சி. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை ஒருவர் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். தட்டுவதற்கு முன், எதிராளி கண்டுபிடிக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று தட்டுபவர் எழுதி வைக்க வேண்டும். ஆளுக்கு 3 பாட்டு. பிறகு பலகையில் இரண்டு எண்களையும் எழுதுங்கள்: எதிர்பார்த்தது, நடந்தது. எலிசபெத் நியூட்டன் 1990-இல் ஸ்டான்ஃபோர்டில் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக இதைச் செய்தார். தட்டியவர்கள் பாதிக்குப் பாதி கண்டுபிடிக்கப்படும் என்று நினைத்தார்கள். 120 பாட்டில் 3 மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. தட்டுபவர் மண்டைக்குள் பாட்டு முழுசாக ஓடுகிறது, கேட்பவருக்கு டொக் டொக் மட்டும்தான்.

ஸ்டான்ஃபோர்டு எண்ணை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். தங்கள் சொந்த எண்களைப் பார்த்து முகம் சுளித்த பிறகு சொல்லுங்கள். அப்போதுதான் உறைக்கும். இன்னொன்று: பாட்டுகளைப் பட்டியலாக முன்னால் வைத்தால் விடையைத் தேர்ந்தெடுப்பது சுலபமாகி, கண்டுபிடிப்பு வீதம் ஏறிவிடும், பயிற்சி நீர்த்துப்போகும்.

அடுத்து நாடகப் பயிற்சிகள். நடிகர் ஆலன் ஆல்டா பெயரில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் 2009 முதல் இயங்கும் மையம், முன்தயாரிப்பு இல்லாத நாடகப் பயிற்சிகளை விஞ்ஞானிகளுக்குப் பழக்குவதால் பெயர் பெற்றது. அதில் எளிதானது "கண்ணாடி": இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் கையை மெதுவாக அசைக்க மற்றவர் பிம்பம் போல அசைக்க வேண்டும். பிம்பம் பின்தங்கினால் அது முன்னால் நிற்பவருடைய தவறு. வேகத்தைக் குறைக்க வேண்டியவர் அவர்தான். 2 நிமிடம் ஒருவர், 2 நிமிடம் மற்றவர். முடிந்ததும் இதே ஜோடி தன் ஆய்வை 1 நிமிடம் விளக்க வேண்டும், எதிராளி முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டால் கையசைத்தது வெறும் கையசைப்புதான்.

---

எடைக்கல்

நாடகப் பயிற்சிகளில் கொஞ்சம் நிதானம் வேண்டும் பட்டகம். அரை நாளை அதற்குக் கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. சிரிப்பும் கலகலப்புமாகப் போகும், கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து விழும். பேச்சில் என்ன மாறியது என்று கேட்டால் பதில் இருக்காது. 12 மணி நேரத்தில் 20 நிமிடம் போதும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஒருவர் கண்ணை நேரே பார்ப்பதே சிரமமாக இருப்பவர்கள் குழுவில் இருப்பார்கள். கவனிப்பவராக இருந்து குறிப்பெடுக்கும் வேலையை அவர்கள் தாங்களாகவே தேர்ந்தெடுக்க வழி வையுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன்: பலன் இருந்ததா? "பயனுள்ளதாக இருந்ததா" என்ற படிவம் எதையும் சொல்லாது. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகச் சிரித்தாலும் அதில் மதிப்பெண் ஏறும். இதைச் செய்யுங்கள்.

முதல் நாள், எந்தப் பயிற்சிக்கும் முன்னால், ஒவ்வொருவரும் தன் மொபைலில் 2 நிமிடம் தன் ஆய்வை விளக்கிக் குரல்பதிவு செய்ய வேண்டும். போன் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். 18 பேரும் ஒரே கூடத்தில் பேசினால் பதிவு கெட்டுவிடும். நடைபாதை, மாடிப்படி என்று கலைந்துபோகச் சொல்லுங்கள், 10 நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டாம் நாள் கடைசியில் அதே விஷயம், அதே 2 நிமிடம். இரண்டு முறையும் "தங்க வேண்டிய ஒரு வரி"யை முன்கூட்டியே எழுதி உங்களிடம் தர வேண்டும்.

36 பதிவுகள் சேரும். எது முன், எது பின் என்று தெரியாதபடி எண் போட்டுக் கலையுங்கள். பட்டறைக்குச் சம்பந்தமில்லாத, அறிவியல் துறையில் இல்லாத 9 பேரைப் பிடியுங்கள். ஆளுக்கு 12 பதிவு, அதாவது 24 நிமிடப் பேச்சு. அதற்கு மேல் கேட்டால் களைப்பில் மதிப்பெண் சரியும். இப்படிப் பிரித்தால் ஒவ்வொரு பதிவையும் 3 பேர் கேட்டிருப்பார்கள். ஒருவருடைய முன்பதிவையும் பின்பதிவையும் ஒரே ஆள் கேட்கக் கூடாது. முதலில் கேட்டதே இரண்டாவதைப் புரியவைத்துவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் அவர்கள் எழுத வேண்டியது ஒரே வரி: இவர் சொன்னது என்ன? அதைப் பேசியவர் எழுதிய வரியோடு ஒப்பிட்டு 0, 1, 2 போடுங்கள். போடுபவருக்கும் எது முன், எது பின் என்று தெரியக் கூடாது.

ஒன்றை மறக்க வேண்டாம். 18 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. முன்னேற்றம் தெரிந்தாலும் அது பயிற்சியாலா, ஒரே விஷயத்தைப் பலமுறை சொன்னதாலா என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் யாருக்கு 0 அப்படியே 0-ஆக நிற்கிறது என்று தெரியும். அவர்களுக்குத்தான் அடுத்த மாதம் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

---

தொடுவானம்

மூவருக்கும் நன்றி. மேடைப் பேச்சை எடுத்துவிட்டேன். இன்னொரு சந்தேகம். "கலைச்சொல்லைத் தவிர்" என்று சொன்னால் சிலர் எல்லாவற்றையும் வெட்டிக் குழந்தைக்குச் சொல்வது போல ஆக்கிவிடுகிறார்கள். சிலர் "அந்தச் சொல் இல்லாமல் துல்லியம் போய்விடும்" என்று பிடிவாதமாக நிற்கிறார்கள். தமிழில் பேசும்போது இன்னும் சிக்கல்: நொதி என்பதா, என்சைம் என்பதா? இதற்கு என்ன பயிற்சி?

---

நிறுத்தற்குறி

இங்கேதான் தனியாக ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன். கலைச்சொல் எல்லாம் ஒரே வகை இல்லை.

முதல் வகை, கேட்பவருக்குத் தெரியாத சொல். இதில் ஆபத்து குறைவு. முழிப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நொதியா என்சைமா என்பது இந்த வகை. தமிழ்வழியில் படித்தவருக்கு முன்னது, ஆங்கிலவழியில் படித்தவருக்குப் பின்னது. முதல் தடவை இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, வேலையை விளக்கி, பிறகு ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்: "நொதி, என்சைம் என்றும் சொல்வோம், உடம்புக்குள் நடக்கும் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்." பாதிப் பேச்சில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவினால் இரண்டும் வேறு பொருள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் வகைதான் கண்ணில் படாமல் கெடுப்பது: கேட்பவருக்குத் தெரிந்த சொல், ஆனால் அவருக்கு அதன் பொருள் வேறு. "அளவீட்டில் பிழை 2 சதவீதம்" என்றால் அளந்தவர் தப்புச் செய்துவிட்டார் என்று கேட்கும். "புள்ளியியல் முக்கியத்துவம் உடையது" என்றால் பெரிய விஷயம் போலிருக்கிறது என்று கேட்கும். தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதுதான் சொல்ல வந்தது, விளைவு இம்மியளவாகவும் இருக்கலாம். பரிசோதனை முடிவு "பாசிட்டிவ்" என்றால் சிலருக்கு நல்ல செய்தி. "கோட்பாடு" என்றால் இன்னும் நிரூபிக்காத யோசனை என்று கேட்கும். யாரும் முழிக்க மாட்டார்கள், தலையாட்டுவார்கள், தப்பாகப் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

பயிற்சி இது. ஒவ்வொருவரும் தன் ஆய்வுச் சுருக்கத்தைத் தாளில் கொண்டுவர வேண்டும், சுமார் 150 சொல். வேறு துறைக்காரரிடம் கொடுங்கள். அவர் தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு, தெரிந்த சொல்தான், ஆனால் இங்கே முக்கியமானது என்று தோன்றுவதற்கு வட்டம் போட்டு, வட்டம் போட்டதன் பொருளைப் பக்கத்தில் எழுத வேண்டும். 10 நிமிடம். தாள் திரும்பி வந்ததும் எழுதியவர் வட்டங்களை மட்டும் பார்க்கட்டும். பொருள் பொருந்தாத வட்டம் ஒன்றிரண்டாவது இருக்கும், அதை அவர் எதிர்பார்த்திருக்கவே மாட்டார்.

பிறகு அடிக்கோடிட்ட சொற்களுக்கு ஒரு கேள்வி: இந்தச் சொல் பேச்சில் 3 தடவைக்கு மேல் வருமா? வரும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் தடவை அது என்ன செய்கிறது என்று சொல்லி அறிமுகப்படுத்துங்கள். ஒரே தடவை வரும் என்றால் பெயரை விட்டுவிட்டு வேலையை மட்டும் சொல்லுங்கள். "துல்லியம் போய்விடும்" என்று நிற்பவர்களும் இந்த விதிக்கு ஒத்துக்கொள்வார்கள். யாரும் அவர்களுடைய சொல்லைப் பிடுங்கவில்லையே. குழந்தைக்குச் சொல்வது போல ஆவதும் இதில் குறையும். கேட்பவருக்குச் சொல் தெரியாது, அறிவு குறைவு என்று அர்த்தமில்லை.

உவமைக்கும் ஒரு சோதனை வையுங்கள். ஆளுக்கு ஓர் உவமை எழுத வேண்டும், பக்கத்தில் இருப்பவர் "அது எங்கே உடையும்?" என்று 3 நிமிடம் தேட வேண்டும். நோயெதிர்ப்பு மண்டலத்தைப் படை என்று சொன்னால் நன்றாகத்தான் ஓடும். ஆனால் படை பெரிதானால் நல்லதுதானே என்ற முடிவுக்குக் கேட்பவர் போய்விடுவார். அப்புறம் தன் உடலையே தாக்கும் நோய்களை விளக்க வழியில்லாமல் மாட்டிக்கொள்வீர்கள். உடையும் இடம் தெரிந்தால் உவமையைக் கைவிட வேண்டியதில்லை, "இந்த இடத்தில் மட்டும் இது பொருந்தாது" என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்.

எண்கள். இதை எந்தப் பட்டறையும் சரியாகத் தொடுவதில்லை. பிரிட்டனில் 1995-இல், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறையும் ஆபத்தை இரு மடங்காக்குகின்றன என்று எச்சரிக்கை வந்தது. பலர் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் கூடின. இரு மடங்கு என்பது 7000 பேரில் 1 என்பதிலிருந்து 7000 பேரில் 2. இரண்டு வாக்கியமும் உண்மைதான், விளைவு வேறு.

இதைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகாமல் கையால் செய்ய வையுங்கள். ஒரு கணக்கு கொடுங்கள்: நோய் 1 சதவீதம் பேருக்கு, சோதனை நோயுள்ளவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 9 சதவீதம் பேருக்கும் தவறாக "உண்டு" என்று காட்டும். "உண்டு" என்று வந்தவருக்கு உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? விஞ்ஞானிகள் அறையிலும் 90 என்று கை தூக்குபவர்கள் இருப்பார்கள். பிறகு அதையே 1000 பேராகப் பலகையில் வரையச் சொல்லுங்கள்: 10 பேருக்கு நோய், அதில் 9 பேர் பிடிபடுகிறார்கள், மீதி 990-இல் 89 பேருக்குப் பொய்யாக "உண்டு". மொத்தம் 98 பேரில் 9. பத்தில் ஒன்றுக்கும் குறைவு. இப்போது ஒவ்வொருவரும் தன் ஆய்விலுள்ள ஒரு சதவீதத்தை இப்படி ஆட்களாகவோ பொருட்களாகவோ எண்ணிச் சொல்ல வேண்டும். "எத்தனை பேரில்" என்பதை விட்டுவிடுவதுதான் வழக்கமான சறுக்கல். ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே தொகையை வைக்க வேண்டும்: 200-இல் 1, 7000-இல் 2 என்று மாற்றி மாற்றிச் சொன்னால் கேட்பவர் தொலைந்துபோவார்.

---

பட்டகம்

ஸ்லைடைப் பற்றி யாரும் பேசவில்லை; அது நல்லதுதான். முதல் நாள் புரொஜெக்டரை அணைத்தே வையுங்கள். இரண்டாம் நாள் ஒரே ஸ்லைடு, அசையும் படங்கள் கிடையாது, 3 நிமிடம். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டியின் விதி இதுதான், அதை அப்படியே கடன் வாங்கலாம். ஸ்லைடின் தலைப்பு "முடிவுகள்" என்று இருக்கக் கூடாது. முழு வாக்கியமாக இருக்க வேண்டும், கீழே அதற்குச் சான்றாக ஒரு படம். தலைப்பை வாக்கியமாக எழுத முடியாதவருக்குச் சொல்ல வந்தது இன்னும் முடிவாகவில்லை. அவரை 8 விநாடிப் பயிற்சிக்குத் திருப்பி அனுப்புங்கள்.

பேச்சை எழுதிவைத்து வருபவர்களுக்கு ஒரு சொல். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலத்தில் சொல்லும் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது, நம் சொற்கள் நீளம். ஒரு பக்கத்தைச் சாதாரண வேகத்தில் 1 நிமிடம் வாசித்து, சொற்களை எண்ணி, அந்த எண்ணை 3-ஆல் பெருக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு எழுதுங்கள். கழித்தது மூச்சுக்கும் கேட்பவர் முகத்தைப் பார்ப்பதற்கும்.

---

எடைக்கல்

பத்திரிகையாளர் பேட்டிப் பயிற்சிக்கு ஒரு குறிப்பு. மூவர் குழுவில் ஒருவர் பத்திரிகையாளர். அவர் கையில் 4 கேள்விச் சீட்டு கொடுங்கள். "இதனால் சாதாரண ஆளுக்கு என்ன பயன்?", "அப்படியென்றால் இது ஆபத்தா, இல்லையா?", துறைக்கு வெளியே ஒரு கேள்வி, கடைசியாக 5 விநாடி மௌனம். மௌனத்தில்தான் எல்லோரும் விழுவார்கள். இடைவெளியை நிரப்பத் தெரியாததையெல்லாம் பேசிவிடுவார்கள். பதிலை முடித்ததும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதைத் தனியாக 3 தடவை பழக்குங்கள். துறைக்கு வெளியே உள்ள கேள்விக்கு "அது என் துறை இல்லை, நான் அளந்தது இதுவரைதான்" என்ற பதில் வாயில் தயாராக இருக்க வேண்டும்.

---

தொடுவானம்

புதிய வரைவு. முதல் நாள்: குரல்பதிவு 10 நிமிடம், மேசை தட்டல் 20, கண்ணாடி 20, மூவர் முறை இரண்டு சுற்று 50, இடைவேளைக்குப் பின் பாதிப் பாதியாக 25, சொல்லும் எண்ணும் 90. மீதி நேரத்தில் மூவர் முறை இன்னும் ஒரு சுற்று, ஆட்களை மாற்றி. இரண்டாம் நாள்: பேட்டி, ஒரு ஸ்லைடு, வெளியாட்களைக் கூப்பிட்டு அவர்களிடம் பேச்சு, கடைசிக் குரல்பதிவு. விரிவுரை மொத்தம் 30 நிமிடத்துக்குள். சரியா?

---

மூன்றாம்வரிசை

இரண்டு திருத்தம். கூடத்தில் 6 குழுவும் ஒரே நேரத்தில் பேசினால் இரைச்சலில் எல்லோரும் குரலை ஏற்றுவார்கள், ஏற்ற ஏற்ற இரைச்சல் கூடும். 4 குழுவை மூலைகளுக்கும் 2 குழுவை வெளியே நடைபாதைக்கும் அனுப்புங்கள். வெளியே இருப்பவர்களுக்கு மணி கேட்காது, அங்கே ஒருவர் டைமரோடு நிற்க வேண்டும்.

இன்னொன்று, வெளியாட்களைக் கடைசியில் வைக்காதீர்கள். அவர்களிடம் பேசித் தடுமாறிய பிறகு திருத்திச் சொல்ல நேரம் வேண்டும். இரண்டாம் நாள் காலை முதல் வேலையாக அதை வையுங்கள். 6 பேர் வந்தால் போதும், குழுவுக்கு ஒருவர். அவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: புரியாத இடத்தில் மரியாதைக்குத் தலையாட்டாமல் கையைத் தூக்குங்கள்.